பித்தோன் தே நேஜ் சிகரத்திற்கு வழிகாட்டியுடன் இரண்டு நாள்: கொடுத்த பணம் தகுமா?

ரீயூனியன் தீவின் மிக உயர்ந்த சிகரமான பித்தோன் தே நேஜில், ஆகஸ்ட் மாதத்தின் நடுவில், என் மைத்துனரும் நானும் ஒரு சுற்றுலா நிறுவனம் அமர்த்திக் கொடுத்த வழிகாட்டியுடன் ஏறி இறங்கினோம். இரண்டு பகலும் ஓர் இரவும் கொண்ட அந்தச் சேவைக்கு, மலைவிடுதிக் கட்டணம் நீங்கலாக, இருவருக்கும் சேர்த்து 260 யூரோ கொடுத்தோம். அந்தத் தொகை தகுமா என்பது பற்றி ஏறும்போது ஒரு கருத்தும், உச்சியில் நின்றபோது வேறொரு கருத்தும், கீழே வந்து ரசீதை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது மூன்றாவதாக ஒரு கருத்தும் எனக்கு இருந்தன. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே சொற்களில் இதே ஏற்பாட்டை விற்பவர்கள் அத்தீவில் பலர் இருப்பதால், ஒருவரின் பெயரைச் சொல்வதைவிட, அவர்கள் விற்பவற்றுள் வாங்கத் தக்கது எது, நாமே செய்துகொள்ளக் கூடியது எது என்று பிரித்துக் காட்டுவதே இந்த மலைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

விளம்பரத்தில் இருந்தவை இவை: சேன் பியேர் நகரில் தங்கும் இடத்திலிருந்து காலை 7 மணிக்கு வண்டியில் அழைத்துச் செல்வது, மலைவிடுதியில் படுக்கையும் இரவுணவும் முன்பதிவு செய்து தருவது, இரண்டு நாளும் ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, இரவில் நடக்க நெற்றி விளக்கு, முதல் நாள் மதியத்திற்குக் கட்டுச் சோறு. மரக்கறி உண்பவர்களுக்குத் தனி உணவு உண்டு என்ற வரியும் அதில் இருந்தது. என் மைத்துனர் மரக்கறி மட்டுமே உண்பவர் என்பதால், அந்த வரியை நம்பித்தான் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

மலையைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். சுமார் 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ரீயூனியன், 1946 முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்று. அங்கே செலவாகும் பணமும் யூரோதான். கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு குவிந்து குவிந்து எழுந்த இந்தத் தீவின் பெரும்பகுதியை உருவாக்கியது, நெடுங்காலத்திற்கு முன்பே அடங்கிப் போன பித்தோன் தே நேஜ் எரிமலை. 3,070 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியைவிட உயர்ந்த இடம் இந்தியப் பெருங்கடல் தீவுகளில் வேறெங்கும் இல்லை. அதைச் சுற்றி மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று மூன்று பெரும் பள்ளங்கள் செங்குத்தான சுவர்களோடு இறங்குகின்றன. சிர்க் என்று பிரெஞ்சு மொழியில் அழைக்கப்படும் இவற்றை மூன்று பக்கம் உடையாத கொப்பரைகளாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தென்கிழக்கில் உள்ள பித்தோன் தெ ல ஃபூர்நேஸ் இன்றும் அடிக்கடி குமுறுகின்ற எரிமலை. இந்த உயர்நிலப் பகுதி 2007-இல் தேசியப் பூங்காவாயிற்று; 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பெயரின் பொருள் பனி பெய்யும் சிகரம் என்றாலும் அங்கே பனி பெய்வது மிக அரிது. ஆனால் நம் ஊரில் ஆடியும் ஆவணியும் நடக்கும் வேளையில் அங்கே குளிர்காலம் என்பதால், விடியற்காலையில் உச்சிப் பாறைகளில் உறைபனி படிந்திருப்பது வழக்கம்.

இந்தச் சேவையின் குறை முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டது. 7 மணிக்கு வரவேண்டிய வண்டி 8.20-க்கு வந்தது. வேறு விடுதிகளில் வேறு பயணங்களுக்கான ஆட்களை ஏற்றிக்கொண்டு, அவர்களையெல்லாம் இறக்கிவிட்ட பிறகே ஓட்டுநர் எங்களிடம் வந்திருந்தார். மலைநாட்டில் ஒரு மணி இருபது நிமிடத் தாமதம் என்பது வெறும் தாமதத்தோடு நிற்பதில்லை. ரீயூனியனின் உட்பகுதியில் காலை தெளிவாக விடிந்தாலும், வெயில் ஏற ஏறக் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலேறி, முற்பகலிலேயே சரிவுகளில் மேகம் அடைத்துக்கொள்ளும். அங்கே நடப்பவர்கள் எல்லோரும் அதிகாலையில் கிளம்புவதன் காரணம் இதுதான். தாமதத்தைக் குறித்து வண்டியிலிருந்தே நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, மலை எங்கும் ஓடிப்போகாது என்று விளையாட்டாகப் பதில் வந்தது. மலை ஓடவில்லை; அதன் காட்சிதான் ஓடியது. முதல் நாள் ஏற்றம் முழுவதையும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வெண்மைக்குள் நடந்தோம்.

சேன் லூயியிலிருந்து சிலாவோசுக்கு ஏறும் சாலையில் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் உண்டென்பது அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்லும் கணக்கு. கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்கள், காலையில் எதையும் வயிறு நிறைய உண்ணாமல் இந்தச் சாலையில் ஏறுவது நல்லது. ஒரே வண்டி செல்லும் அகலமுள்ள குகைப்பாதைகளில், எதிரே வருபவருக்கு எச்சரிக்கையாக ஒலிப்பானை அழுத்திக்கொண்டே ஓட்டுநர் நுழைந்தார். தாமதமாக வந்தாலும் அவர் ஓட்டிய விதத்தில் எனக்குக் குறையில்லை. சொந்தமாக வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாக இருந்தால் இந்தச் சாலையை இரவில் முதல் முறையாக ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்பது என் அறிவுரை. சேன் லூயியிலிருந்து சிலாவோசுக்குப் பேருந்தும் இருக்கிறது. கையில் நேரம் உள்ளவர்கள் முதல் நாளே அதில் ஏறி வந்து, 1,200 மீட்டர் உயரத்திலுள்ள அந்தச் சிறிய ஊரில் ஒரு இரவு தங்கிவிட்டால், வண்டி வருமா வராதா என்ற கவலையே இல்லாமல் விடியற்காலையில் நடக்கத் தொடங்கலாம்.

நடைபாதை ஊருக்கு மேலே, ப்ரா செக் செல்லும் சாலையோரத்தில், லெ ப்ளோக் என்னும் இடத்தில் சுமார் 1,380 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. வழிகாட்டி அங்கே எங்களுக்காக இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடல், பேச்சில் சிக்கனம். அவருடைய ஆங்கிலம் நடப்பதற்குப் போதுமானது, விளக்கங்களுக்குப் போதாது. விளம்பரத்தில் சொன்னதை நினைத்து எரிச்சலாக இருந்தபோதிலும், அரைகுறைப் பிரெஞ்சையும் கைச்சாடையையும் சேர்த்து நாங்கள் ஒரு பொது மொழியை விரைவில் அமைத்துக்கொண்டோம். தொடங்குவதற்கு முன் அவர் எங்கள் முதுகுப்பைகளைத் தூக்கிப் பார்த்தார்; என் மைத்துனரின் பையிலிருந்து ஒரு ஜீன்ஸ் கால்சட்டையையும் கண்ணாடிப் புட்டியில் இருந்த ஊறுகாயையும் எடுத்து, வண்டியிலேயே விட்டுவிடச் சொன்னார். கால்சட்டை வண்டியில் தங்கியது. ஊறுகாய் மறைவாக மறுபடியும் பைக்குள் ஏறியது; அது நல்லதாகப் போயிற்று.

மலைவிடுதி 2,478 மீட்டரில் இருப்பதால், முதல் நாள் ஏறவேண்டியது ஏறத்தாழ 1,100 மீட்டர். தொலைவு குறைவு, ஏற்றம் அதிகம். பாதையின் பெரும்பகுதி மரக்கட்டைகளாலும் கற்களாலும் அமைத்த படிகள், அவையும் ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாதவை. பழனியிலும் சோளிங்கரிலும் ஏறிப் பழகிய கால்களுக்குக்கூட இது புதிதாகவே இருக்கும், ஏனென்றால் ஒரு படி அரையடி உயரமும் அடுத்தது முழங்கால் உயரமும் இருந்தால் மூச்சை ஒரு கதியில் வைக்க முடிவதில்லை. தொடக்கத்தில் நடப்பட்ட கிரிப்டோமீரியா மரங்கள் வரிசையாக நின்றன. பிறகு ஈரப் பாசி படர்ந்த காட்டு மரங்களும் குடைபோல் விரிந்த மரப்பெரணிகளும் வந்தன. உயரம் கூடக் கூட மரங்கள் குட்டையாகி, இடுப்பளவுப் புதர்களாகிவிட்டன. இந்த நெடும்பாதையின் அடையாளமான சிவப்பு வெள்ளைக் கோடுகள் பாறைகளிலும் மரங்களிலும் போதுமான இடைவெளியில் தீட்டப்பட்டிருந்தன. பாதையைத் தவறவிடுவதற்கு மிகவும் முயல வேண்டும் என்பதால், முதல் இரண்டு மணி நேரம், இதற்கு எதற்காக ஓர் ஆளை அமர்த்தினோம் என்ற எண்ணமே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணம் முதலில் ஆட்டம் கண்டது பெத்தீ மத்தாரும் என்னும் சமதளத்தைத் தாண்டிய பிறகு. தொடக்கத்தில் வேகமாக ஏறிய என் மைத்துனர், மூச்சிரைத்து, படிக்கு ஒரு முறை நிற்கும் நிலைக்கு வந்திருந்தார். வழிகாட்டி அவருக்கு முன்னால் போய், சிரிப்பு வருமளவு மெதுவாக, ஆனால் ஒரு முறைகூட நிற்காமல் நடக்கத் தொடங்கி, தம் காலடியிலேயே அடிவைத்து வரச் சொன்னார். தி பா தி பா நாரிவே என்று, தீவில் பேசப்படும் கிரியோல் மொழியின் சொல்லை அவர் அப்போது கூறினார். சின்னச் சின்ன அடியாக வைத்துப் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று பொருள். தெக்தெக் என்ற குட்டிப் பறவை ஒன்று கிளைக்குக் கிளை தாவி எங்களோடேயே வந்தது. தீவுக்கே உரிய பறவை அது, மனிதரைக் கண்டு சற்றும் அஞ்சுவதில்லை. மூன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியது நான்கு மணி நேரம் ஆயிற்று. கட்டுச் சோறாக வந்தது பாலாடைக்கட்டியும் பன்றி இறைச்சியும் வைத்த ரொட்டி. இறைச்சியை எடுத்துவிட்டு உண்ணுமாறு நிறுவனம் எதிர்பார்த்தது போலும். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் தம் பையிலிருந்த இரண்டு அவித்த முட்டைகளை என் மைத்துனரிடம் நீட்டினார். முட்டையும் ஆகாது என்று அறிந்தபின் வாழைப்பழங்களை நீட்டினார்.

கவேர்ன் துஃபூர் என்பது அந்த விடுதியின் பெயர். அக்காலத்தில் மலையேறியவர்கள் ஒதுங்கிய குகை ஒன்றின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. அடுக்குக் கட்டில்களுள்ள பொதுப் படுக்கை அறைகளையும் நீண்ட மேசைகளில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் கூடத்தையும் கொண்ட மலைவிடுதி என்ற எண்ணத்தோடு போனால் மனநிறைவு கிடைக்கும். உல்லாச விடுதியை எதிர்பார்ப்பவர்கள் சிலாவோசிலேயே தங்கிவிடலாம். வறண்ட குளிர்காலமான மே முதல் நவம்பர் வரை மலையேறுவோர் மிகுதி என்பதால், நெடுநாள் முன்பே இடம் பிடித்துவிட வேண்டும். தீவின் சுற்றுலா அமைப்பின் முன்பதிவு மையம் வழியாக யாரும் நேரடியாகவே அதைச் செய்துகொள்ள முடியும் என்பதை நான் அங்கே பக்கத்துக் கட்டில்காரரிடமிருந்துதான் அறிந்தேன். ஆகவே முன்பதிவு என்ற பெயரில் நிறுவனத்திற்குக் கொடுக்கும் பணம் மிச்சப்படுத்தக் கூடியது. படுக்கை விரிப்பாகப் பயன்படும் மெல்லிய துணிப்பை ஒன்றைக் கொண்டு வருமாறு நிறுவனம் எங்களிடம் சொல்லியிருக்கவும் இல்லை. வேட்டி ஒன்று என் பையில் இருந்தது. எட்டு முழ வேட்டி அந்த இரவு எனக்கு விரிப்பாகவும் போர்வையின் உள்துணியாகவும் உதவியது.

இரவுணவைப் பற்றிச் சற்று விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தத் தீவின் சமையலறைக்குள் நம் மொழி நுழைந்த கதை அந்த மேசையில்தான் எனக்குப் புலப்பட்டது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்காகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்று தீவின் மக்கள்தொகையில் கணிசமான பங்கு. மல்பார் என்று அவர்களை அழைக்கிறார்கள். மொழி பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் சோற்றோடு உண்ணும் குழம்பு வகைக்குக் கரி என்றே பெயர். தக்காளி, மிளகாய், இஞ்சி சேர்த்த தொடுகறிக்கு ருகாய் என்று பெயர். அது நம் ஊறுகாயின் பிள்ளை என்பதைப் பிரெஞ்சு அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. கொத்தமல்லி அங்கே கொத்தோமிலி, கறிவேப்பிலை கலுபிலே. அன்றிரவு அனைவருக்கும் வந்தது தொத்திறைச்சி சேர்த்த ருகாயும், சோறும், சிலாவோசின் புகழ்பெற்ற சிறு பருப்பும். மரக்கறி உணவு வேண்டும் என்ற செய்தி விடுதிக்கு எட்டவே இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியது முன்பதிவு செய்த நிறுவனம். விடுதியில் பரிமாறியவர் முகம் சுளிக்காமல் பருப்பையும் சோற்றையும் இரு மடங்காக வைத்து, காரமான மிளகாய்த் துவையலையும் கொண்டு வந்தார். என் மைத்துனர் பைக்குள் கையை விட்டு அந்தக் கண்ணாடிப் புட்டியை எடுத்தபோது, வழிகாட்டி தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஒரு கரண்டி மாவடுவைத் தாமே போட்டுக்கொண்டு, இது ருகாய் என்றார். ஊறுகாய் என்று நாங்கள் திருத்தியதை அவர் ஏற்கவில்லை.

சாப்பிட்ட பிறகு நடந்த உரையாடல்தான் இந்தச் சேவையில் நான் பணம் கொடுத்து வாங்கிய உண்மையான பொருள். உச்சியில் கதிரவன் எழுவதைக் காண வேண்டுமானால் இருளிலேயே கிளம்ப வேண்டும். விடுதியிலிருந்த பெரும்பாலோர் 3 மணிக்குப் புறப்படுவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழிகாட்டி 4.15 என்றார். நான் மறுத்தேன், என் மைத்துனரின் மெதுவான நடைக்கு இரண்டரை மணி நேரம் தேவைப்படும் என்று கணக்குச் சொன்னேன். அன்று பகலில் அவர் நின்ற இடங்களையும் நடந்த வேகத்தையும் வழிகாட்டி ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடுவோம், முன்னதாகப் போனால் வியர்வை நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் நிற்க வேண்டியிருக்கும், அதைத் தாங்க உங்கள் உடைகள் போதா என்றார். எங்களுடைய உடைகளை அவர் காலையில் பையைத் தூக்கிப் பார்த்தபோதே கணக்கெடுத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் அவர் சொன்னபடியே நடந்தது. விடுதிக்கு மேல் மீதமுள்ள சுமார் 600 மீட்டர் ஏற்றத்தில் படிகள் முடிந்து, பாறைத் தட்டுகளும் உருளும் எரிமலைக் கற்களும் தொடங்குகின்றன. வழியைப் பாறைகளில் வெள்ளை வண்ணத்தால் குறித்திருக்கிறார்கள். பகலில் அவை எளிதாகத் தெரியும் என்றாலும், விளக்கின் சிறு வட்டத்துக்குள் அடுத்த குறியைத் தேடிக்கொண்டே காலையும் பார்த்து வைப்பது பழகாதவர்களுக்குச் சிரமம். நிறுவனம் கொடுத்த இரண்டு நெற்றி விளக்குகளில் ஒன்று இருபது நிமிடத்தில் மங்கி அணைந்தது. வழிகாட்டி தம்முடைய விளக்கைக் கழற்றி என் மைத்துனரின் நெற்றியில் மாட்டிவிட்டு, விளக்கே இல்லாமல் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கிழக்கே வேட்டைக்காரன் என்னும் விண்மீன் கூட்டத்தின் உருவம் பக்கவாட்டில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. தென்கிழக்கில், நம் ஊரில் தெற்கு அடிவானத்தை ஒட்டியே பார்த்துப் பழகிய அகத்திய விண்மீன், நல்ல உயரத்தில் நின்று சுடர்ந்தது. தெற்கே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை வரைபடத்தைவிட அதுவே எனக்குத் தெளிவாக உணர்த்தியது.

உச்சிக்கு நாங்கள் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது; கதிரவன் எழ இன்னும் கால் மணி நேரம் இருந்தது. 3 மணிக்குக் கிளம்பியவர்கள், முன்பு கூடாரமடித்தவர்கள் குவித்து வைத்த தாழ்வான கல்வட்டங்களுக்குள் குந்தி, தகதகக்கும் வெள்ளித்தாள் போர்வைகளுக்குள் பற்கள் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் நடுங்கினோம், ஆனால் கால் மணி நேரம் மட்டுமே. காலடியில் சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாகத் துளை நிறைந்த கற்கள். அவற்றின் நிழல்பக்கத்தில் உப்புத் தூவியது போன்ற உறைபனி. தென்கிழக்கில் ஃபூர்நேஸ் எரிமலையின் முதுகு, சுற்றிலும் மேகத்தின் விளிம்புக்கு அப்பால் கடல். தெளிவான நாளில் மொரீசியசும் தெரியும் என்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது மேகக்கட்டு மட்டுமே. கதிரவன் எழுந்த கணத்தில் பெரும்பாலோர் கிழக்கையே படமெடுத்துக்கொண்டிருக்க, வழிகாட்டி எங்கள் தோள்களைப் பிடித்து மேற்கே திருப்பினார். மலையின் நிழல், அளவெடுத்து வெட்டிய முக்கோணமாக, பள்ளங்களையும் மேகத்தையும் கடந்து கடல் மேல் நீண்டு கிடந்தது. சில நிமிடங்களில் அது சுருங்கத் தொடங்கிவிட்டது. அவர் திருப்பியிராவிட்டால் நாங்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

இறக்கம் நீளமானது, அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உச்சியிலிருந்து லெ ப்ளோக் வரை ஒரே காலையில் ஏறத்தாழ 1,700 மீட்டர் இறங்க வேண்டும். முதல் நாள் மூச்சை வாங்கிய படிகள் இப்போது முழங்காலை வாங்கும். ஊன்றுகோல் இரண்டு கொண்டு போவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். எட்டு மணிக்குள் உருளும் கற்களைக் கடந்துவிட வேண்டுமென்று வழிகாட்டி விரட்டியதன் பொருள், விடுதியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது உச்சியே மேகத்துக்குள் மறைந்திருந்ததைக் கண்டதும் விளங்கியது. முதல் நாள் காணாத சிலாவோஸ் பள்ளத்தை, தாமதத்தால் இழந்த காட்சியை, இறங்கும் வழியில் ஒரு மணி நேரம் தெளிவாகக் கண்டோம்.

இனி மதிப்பீடு. நிறுவனம் தந்தவை என்று எண்ணினால், வண்டி தாமதம், உணவு தவறு, விளக்கு பழுது, படுக்கை விரிப்பைப் பற்றிய தகவல் இல்லை, மொழி பற்றிய வாக்குறுதி பாதி பொய். இவற்றுள் ஒன்றுகூட நம்மால் செய்துகொள்ள முடியாததல்ல. வழிகாட்டி தந்தவற்றை எண்ணினால், அவர் ஒருவருக்காகவே 260 யூரோவும் தகும் என்பேன். அதில் அவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டதற்கு அவர் சிரித்தார், சொல்லவில்லை. ஆகவே, மலையில் நடந்து பழகியவர்கள், பகலில் ஏறி விடுதியில் தங்கி மறுநாள் வெளிச்சத்தில் உச்சிக்குப் போவதாக இருந்தால் வழிகாட்டி இன்றியே போகலாம். இருளில் ஏற விரும்புபவர்களும், குழுவில் ஒருவரேனும் ஏற்றத்திற்குப் புதியவராக இருப்பவர்களும் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டும், ஆனால் நேரடியாக. பிரான்சில் மலைநடை வழிகாட்டியாகப் பணம் பெற்றுத் தொழில் செய்ய அரசுப் பட்டயம் வேண்டும். அதற்கான தொழில் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் யாரும் வருத்தப்படுவதில்லை.

இன்னும் சில செய்திகள். சனவரி முதல் மார்ச் வரை புயல் மிகுந்த காலம். இந்தத் தீவின் மழை எப்படிப்பட்டது என்பதற்கு, 1966 சனவரியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் பதிவான 1,825 மில்லிமீட்டர் இன்றும் உலகச் சாதனையாக இருப்பதே போதும். பெருமழைக்குப் பின் பாதைகள் சரிவதும் மூடப்படுவதும் வழக்கமாகையால், பிரெஞ்சு வனத்துறை வெளியிடும் பாதை நிலவரத்தைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்த்துவிட வேண்டும். ஓடை நீரை அப்படியே குடிக்கக் கூடாது. கையுறை, காது மறைக்கும் தொப்பி, காற்றுப் புகாத மேற்சட்டை, மாற்றிக்கொள்ள உலர்ந்த ஒரு பனியன் ஆகிய நான்கும் இருந்தால் உச்சிக் குளிரைச் சமாளிக்கலாம். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112. மரக்கறி உண்பவர்கள் நிறுவனத்தை நம்பாமல் விடுதிக்கே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. ஊறுகாய் கொண்டு போனால் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டு போகவும்.

குறைகளையெல்லாம் தொகுத்து நிறுவனத்திற்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. வருந்துவதாகவும், அடுத்த முறை அதே சிகரத்திற்குத் தங்கள் வழியாக வந்தால் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் எழுதியிருந்தார்கள். வழிகாட்டியின் தொலைபேசி எண் என் மைத்துனரிடம் இருக்கிறது. சிலாவோசில் விடைபெறும்போது காலியான மாவடுப் புட்டியை அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கொடுத்தது அது.